பலகை கிட்டாருக்குக் கைதட்டல்

போன மாதம் பக்கத்து ஃபிளாட் நிவேதிதாவுக்குக் கிட்டார் வாங்கப் போனோம். போனோம் என்றால் நிவேதிதா, அவள் அப்பா, அவர்களோடு ஒட்டிக்கொண்டு நான். எலக்ட்ரிக் கிட்டார் என்று காதில் விழுந்த பிறகு என்னால் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய முடியவில்லை. கடைக் கதவைத் திறந்ததுமே வார்னிஷும் புது இரும்புக் கம்பியும் கலந்த அந்த வாசனை வந்தது. ஏசி குளிரில் சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. விற்பனையாளர் இளைஞர் நேராக நிவேதிதாவின் அப்பாவிடம் போனார்.

"சார், ரொம்ப சீப்பாவும் வேணாம், ரொம்ப காஸ்ட்லியாவும் வேணாம்னா இதான் சார் ஆல்ரவுண்டர். மெலடி, குத்து, ராக், எல்லாத்துக்கும் செட் ஆகும்."

நிவேதிதாவின் அப்பாவுக்குக் கிட்டாரில் எத்தனை கம்பி என்பதே தெரியாது. வாசிக்கப் போகிறவள் ஓரடி தள்ளி நிற்கிறாள். அவளிடம் அந்த ஆள் கேட்டது ஒரே கேள்வி: "என்ன கலர் பிடிக்கும் மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் காட்டிய ஆல்ரவுண்டரை வாங்கி, அடிப்பக்கத்தைத் தோளில் அணைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டம் கட்டமாகப் பிரித்த அதன் கழுத்து நெடுகப் பார்த்தேன். "பாத்தும்மா, கீழ விட்டுடாதீங்க. நீங்க அந்தச் சேர்ல உக்காருங்க, டயம் ஆகும்" என்றார். எனக்கு அறுபத்தெட்டு வயது. சேரில் உட்கார வேண்டிய வயதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் "கழுத்து வளைஞ்சிருக்கு தம்பி, ஏழாவது கட்டத்துகிட்ட பாருங்க" என்றேன். பார்த்தார். முகம் மாறியது. வேறொன்றை நிவேதிதாவே வாசித்துப் பார்த்து எடுத்துக்கொண்டாள். அதோடு அந்தக் கதை முடிந்தது. எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஒற்றைக் கண்ணால் பார்க்க எனக்கு எந்த இசைப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. என் நைனா துடுப்பு வாங்கும்போது அப்படித்தான் பார்ப்பார். ஒரு முனையைத் தோளில் வைத்து, மறுமுனையை ஏரிப் பக்கம் நீட்டி, கண்ணைச் சுருக்குவார். அரை விரல் கோணல் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்குள், பசியாவரத்துப் பக்கம் இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், கல்யாணம் காட்சிக்கு நான் போயாக வேண்டும். படகில்தான் அக்கரைக்குப் போவோம். எழுபதுகளின் கடைசியில் ஊருக்கு ரேடியோ வந்திருந்தது, கரண்ட் வரவில்லை.

நான் ஆசிரியைப் பயிற்சிக்காக மெட்ராஸில் இரண்டு வருஷம் விடுதியில் இருந்தேன். அறைத்தோழி ஸ்டெல்லா நாகர்கோவில்காரி. கரண்ட் தேவைப்படாத ஒரு கட்டை கிட்டாரைப் போர்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் விரல் நுனியெல்லாம் கொப்புளம். மீன் ஆய்ந்து மரத்த விரல் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவள், ராத்திரி சாப்பாட்டுக்கு ரசத்தில் கை வைக்க முடியாமல் ஸ்பூன் கேட்டேன். இரண்டு வருஷ முடிவில் ஸ்டெல்லா, "நீ என்னை விட நல்லா வாசிக்கிற, எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள். பொறாமையை முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். பிறகு பார்த்தவர்கள் வேறு மாதிரி.

பயிற்சி முடிந்து பழவேற்காட்டிலேயே ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். தினமும் படகேறி அக்கரைக்குப் போய்வருவேன். அங்கே கடைத்தெருவில் காசிம் பாய் மைக்செட் கடை வைத்திருந்தார். ஈயம் பற்றவைக்கும் புகை வாசனை எங்கேயாவது வந்தால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கடைதான். "எங்க பாட்டனுங்க கப்பல் ஓட்டுனாங்க டீச்சர், நான் ஒயர் ஓட்டுறேன்" என்று சிரிப்பார். என் தம்பி கோதண்டம் நைனாவோடு வலைக்குப் போய்வந்த நேரம் போக மீதி நேரம் அந்தக் கடையில்தான் கிடப்பான். நன்றாகப் பாடுவான். காசிம் பாயிடம் மைக்கும் ஸ்பீக்கரும் இருந்தன, அடிக்க டிரம்ஸ் ஆள் கிடைத்தான். காசிம் பாயும் தம்பியும் சேர்ந்து ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார்கள். அலைமகள் இன்னிசைக் குழு என்று பெயர். பெயரில் மகள் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பாளராகத் தயாளன் சேர்ந்தான். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரின் தங்கை மகன். காதை மூடும் தலைமுடி, தரையைப் பெருக்கும் பெல்பாட்டம். குரல் மட்டும் கணீரென்று இருக்கும். சுருதி என்பது ஏதோ பெண்ணின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

எலக்ட்ரிக் கிட்டார் இல்லாத ஆர்கெஸ்ட்ராவை அப்போது யாரும் கூப்பிடமாட்டார்கள். நான், கோதண்டம், காசிம் பாய், தயாளன், நான்கு பேரும் சமமாகப் பணம் போட்டோம். மெட்ராஸில் கடையைக் கண்டுபிடித்துப் போனோம். பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கடையும் இல்லை. கடைக்காரர் எங்கள் ஊரைக் கேட்டார். சொன்னோம்.

"மீன் விக்கிற ஊர்ல கிட்டாரா?" என்றார்.

காசிம் பாய் சிரித்துக்கொண்டே, "ஏன் சார், மீனு விக்கிறவன் காதுல பஞ்சா வெச்சினுகீறான்?" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்து, "அம்மா, வீணை, சுருதிப்பெட்டி எல்லாம் உள்பக்கம் இருக்கு" என்றார். நான் உள்பக்கம் போகவில்லை.

முதலில் எடுத்துப் போட்டது செக்கச்செவேலென்று பளபளத்தது. விலை மலிவு. தயாளன் அதை வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டான். நான் வாங்கிப் பார்த்தேன். கழுத்து, பழைய துடுப்பு மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தது. மேல் கட்டங்களில் கம்பி உரசி ஈ பறக்கிற மாதிரி இரைந்தது. அடுத்து வந்தது வெளிநாட்டுச் சரக்கு, கறுப்பு. தொட்டால் தேன் மாதிரி ஒலித்தது. பொய் சொல்ல மாட்டேன், அதைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அது ஒரே குரலில்தான் பேசியது. விலையோ எங்களுக்கு எட்டாத உயரம்.

எங்களுக்குத் தேவை ஒற்றைக் கிட்டார். சாமி பாட்டுக்குக் குழைய வேண்டும், கல்யாண வரவேற்பில் காதல் பாட்டுக்குக் கொஞ்ச வேண்டும், கடைசியில் பையன்கள் துண்டைச் சுழற்றி ஆடும் பாட்டுக்கு உறும வேண்டும். தனியாக பேஸ் கிட்டார் வாங்க வக்கில்லாததால் நடுநடுவே அந்த வேலையையும் அதுவே பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மேல் ஏரியின் உப்புக் காற்று. மலிவான ஆணியும் திருகும் எங்கள் ஊரில் ஒரு ஆடியைத் தாண்டாது.

மூன்றாவதாக, அலமாரி மேலிருந்து ஒன்றை எடுக்கச் சொன்னேன். மங்கலான பழுப்பு நிறம். தயாளன், "இன்னா டீச்சர், வூட்டு பெஞ்சு மாதிரி கீது" என்றான். கழுத்து நேராக இருந்தது. பன்னிரண்டாம் கட்டத்தில் அழுத்தி மீட்டினேன். விரல் வைக்காத கம்பியின் ஒலியும் அதுவும் கச்சிதமாக ஒட்டின. கம்பியை விரலால் இழுத்து வளைத்து விட்டேன், சுருதி விலகவில்லை. கம்பிகளுக்கு அடியில் இரண்டு இடத்தில் ஒலி வாங்கும் பிக்கப் இருந்தது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்புக்குச் சுவிட்சைத் தள்ளினால் உருண்டை நாதம், கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினால் கத்தி மாதிரி கூர்மை, நடுவில் வைத்தால் மணி. குமிழைத் திருகத் திருகக் குரல் மாறிக்கொண்டே போனது. திருகுகள் எல்லாம் நல்ல முலாம். விலை இரண்டுக்கும் நடுவில்.

ஒரு பாட்டு முழுதாக வாசித்தேன். கடையில் தபலா பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பில் போடும்போது கடைக்காரர் கோதண்டத்திடம், "நல்லா செலக்ட் பண்ணீங்க தம்பி" என்றார். என் தம்பி, "தேங்க்ஸ் சார்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கரண்ட் இல்லாத வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார் கொசு மாதிரிதான் ரீங்கரிக்கும். பக்கத்து வீட்டுக்குக் கூடக் கேட்காது. கொல்லையில் உட்கார்ந்து நான் மணிக்கணக்கில் வாசித்தேன், ஊருக்கே தெரியவில்லை. சத்தத்தோடு கேட்க வேண்டுமானால் பள்ளி விட்டதும் காசிம் பாய் கடைக்குப் போவேன். ஒத்திகை எல்லாம் அங்கேதான்.

ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் முதல் கச்சேரி. மெட்ராஸிலிருந்து ஒரு பாடகியும் பேசி முடித்தாகிவிட்டது. நான்கு நாள் முன்பு பஞ்சாயத்தார் கோதண்டத்தைக் கூப்பிட்டார்கள். கோயில் முன்னால் அவர்கள் உட்கார்ந்திருக்க, நைனாவும் ஒரு ஓரமாக இருந்தார். நான் பெண்கள் பக்கம் நின்றேன்.

"ஏம்பா கோதண்டம், உங்கக்கா மேட ஏறுதாமே, மெய்யா?" என்று தலைவர் கேட்டார்.

"ஆமா மாமா. அதுக்குதான் வாசிக்கத் தெரியும்."

"மெட்ராஸ்லேந்து பாடறதுக்கு ஒரு பொண்ணு வருதில்ல, அது நிக்கட்டும், பாடட்டும். நம்மூரு பொண்ணு கிட்டார மாட்டினு ஆம்பளைங்க முன்னாடி நின்னா, நாளைக்கு அத்த எவன் கட்டினு போவான்?"

இதில் எனக்கு இன்றைக்கும் விளங்காதது ஒன்று உண்டு. அந்தப் பாடகிக்கும் ஒரு வீடு, ஒரு நைனா இருந்திருப்பார்கள். வேறு ஊர்க்காரன் மகள் மேடையில் நிற்கலாம், நம் ஊர்க்காரன் மகள் நின்றால் மானம் போய்விடும் என்றால், அது யாருடைய மானம்? நான் அன்று இதைக் கேட்கவில்லை. இங்கே உங்களிடம் கேட்கிறேன், அவ்வளவு தைரியசாலி நான்.

வீட்டுக்கு வந்து, "நைனா, நீ இன்னா ஒண்ணுமே பேசல?" என்றேன்.

"நான் இன்னாம்மா பேசறது? ஊரோட இருக்கணும்ல" என்றார். கண்ணைப் பார்க்கவில்லை. வலையின் ஒரு கண்ணியை எடுத்து அதையே முடிந்து கொண்டிருந்தார்.

மெட்ராஸிலிருந்து கிட்டார்காரரை ஒவ்வொரு முறையும் வரவழைக்கக் குழுவுக்குக் கட்டுபடியாகாது. கச்சேரியை விட்டால் பேர் கெட்டுப்போகும். காசிம் பாய்தான் யோசனை சொன்னார். "டீச்சர், கோச்சுக்காதீங்க. நீங்க தட்டிக்குப் பின்னால உக்காந்து வாசிங்க. நான் நீளமா ஒயர் போட்டுத் தரேன். முன்னால தயாளன் சும்மா நிக்கட்டும். இந்த ஒரு வாட்டி."

நான் ஒப்புக்கொண்டேன். ஏன் என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மேடையில் அந்தக் கிட்டார் ஒலிக்க வேண்டும், அதைக் கேட்க வேண்டும் என்ற பேராசை. வேறொன்றும் இல்லை.

தயாளன் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. படகு கட்டும் ஆசாரி அரை நாளில் பலகையை அறுத்து ஒரு கிட்டார் செய்து கொடுத்தார். ஆறு கம்பிக்குப் பதில் தூண்டில் நரம்பைக் கட்டினார்கள். தயாளனுக்குப் பிடித்த மாதிரி செக்கச்செவேலென்று படகுப் பெயின்ட் அடித்தார்கள். அவன் ஆசைப்பட்ட கிட்டார் அவனுக்குக் கிடைத்துவிட்டது.

கச்சேரி அந்தி சாயும் நேரம் தொடங்கியது. ஓலைத் தட்டிக்குப் பின்னால், வலை மூட்டை மேல், ஜெனரேட்டரின் டீசல் புகைக்கு நடுவில் உட்கார்ந்தேன். பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று? ஓலை இடுக்கில் தயாளனின் முதுகு தெரிந்தது. முதல் பாட்டின் நடுவில் கிட்டார் தனியாக வரும் இடம். குமிழைத் திருகி, சுவிட்சைத் தள்ளி வாசித்தேன். முடிந்ததும் ஏரி அதிரக் கைதட்டினார்கள். நான் இருட்டில், வலை மூட்டை மேல் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டேன். தயாளன் குனிந்து வணக்கம் சொன்னான்.

இந்த ஒரு வாட்டி என்பது இரண்டு வருஷம் ஓடியது. காட்டூர், பொன்னேரி, அக்கம்பக்கத்துக் குப்பங்கள் என்று எல்லா இடத்திலும் கூப்பிட்டார்கள். வெளியூரில் எந்தப் பஞ்சாயத்து என்னைத் தடுத்தது? ஒன்றும் இல்லை. "அங்கயாவது நான் முன்னால வரேன்" என்று கேட்டேன். கோதண்டம், "பழகிடுச்சுக்கா. தயாளன் மொகத்துக்குன்னு ஜனம் வருது" என்றான். ஊர் ஊராக விளம்பரத் தட்டி எழுதி வைத்தார்கள். 'கிட்டார் புகழ் தயாளன்' என்று. அதை வெள்ளை எழுத்தில் எழுதிய பெயின்டரும் எங்கள் ஆள்தான், எல்லாம் தெரிந்தவன்.

இதையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் சாயங்காலம், பள்ளி முடிந்து படகுத்துறைக்கு நடந்துகொண்டிருந்தேன். தயாளன் சைக்கிளை நிறுத்தினான். முகத்தில் நிஜமான வருத்தம்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து ரெண்டாவது பாட்டுல நீங்க ஸ்பீடு கம்மி. எனக்கு ஆக்‌ஷன் குடுக்கவே வரல. கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணுங்க."

அவன் கிண்டல் செய்யவில்லை. நம்பிச் சொன்னான். தன் கையிலிருந்துதான் இசை வருகிறது, நான் ஏதோ பின்னால் அவனுக்கு ஒத்தாசை செய்கிறவள் என்று நம்பவே தொடங்கியிருந்தான்.

அடுத்த கச்சேரி காட்டூரில் ஒரு கல்யாணம். பகல் வரவேற்பு. மேடைக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கோதண்டம் சரணத்தைப் பாடி முடித்துவிட்டு, "இப்ப நம்ம தயாளன்!" என்று கையை நீட்டினான். தயாளன் ஒரு காலை முன்னால் வைத்து, கண்ணை மூடி, தலைமுடியைச் சிலுப்பினான். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

டிரம்ஸ் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. தயாளனின் விரல்கள் தூண்டில் நரம்பில் ஓடின. ஒரு சத்தமும் இல்லை. அவனுக்கு அது உறைக்க நேரமாயிற்று, கண்ணை மூடியிருந்தான் அல்லவா. முதலில் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பெண் சிரித்தாள். பிறகு பந்தலே சிரித்தது. யாரோ, "கரண்டு போச்சா, கிட்டாரு போச்சா?" என்று கத்தினார்கள். அந்த அரை நிமிஷம் எனக்குக் கிடைத்த சந்தோஷம், நல்லாசிரியர் விருது வாங்கியபோதும் கிடைக்கவில்லை. உடனே தார்ப்பாய் ஓட்டையில் என் தம்பியின் முகம் தெரிந்தது. வெளுத்துப்போயிருந்தான். சந்தோஷம் இறங்கிவிட்டது. கிட்டாரை எடுத்து மீதியை வாசித்தேன். ஆனால் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் பெரிய சண்டை. "நீ குரூப்பையே கவுத்துட்டக்கா" என்றான். "என்னை இத்தனை நாள் கவுத்து வச்சிருந்தீங்களே, அது?" என்று கத்தினேன். நைனா எழுந்து ஏரிக்குப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்துக் காசிம் பாய் படகுத்துறையில் எனக்காகக் காத்திருந்தார். தொப்பியைக் கையில் கழற்றி வைத்திருந்தார்.

"டீச்சர், மனசு பேஜாரா கீது. நான் ஊருல இல்லாதப்ப கோதண்டமும் தயாளனும் கிட்டார வித்துட்டானுங்க. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு குரூப்புக்கு."

என்னைக் கேட்கவில்லை. நானும் பணம் போட்டது, நானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது, இரண்டு வருஷம் என் விரல் ரத்தம் பட்டது, எல்லாம் இருக்கட்டும். விற்கப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கோதண்டத்திடம் கேட்டேன்.

"வாசிக்கறவன் யாரும் இல்லாத குரூப்புக்குக் கிட்டார் எதுக்குக்கா?" என்றான்.

நான் அவன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே பானைச் சோறு. அவன் தட்டை நகர்த்தி வைப்பேன், பேச மாட்டேன். பிறகு எனக்குக் கல்யாணமாகி மெட்ராஸ் பக்கம் மாற்றலும் கிடைத்தது. அப்புறம் பேசினோம். தம்பி அல்லவா, என்ன செய்வது. புருஷன் நல்லவர். "ஒரு கிட்டார் வாங்கிக்கோயேன்" என்று பல தடவை சொன்னார். நான் வாங்கவில்லை. வீம்பு என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

குழு அடுத்த வருஷமே கலைந்தது. தயாளன் துறைமுகத்தில் வேலைக்குப் போனான், சில வருஷம் முன்பு இறந்தான். காசிம் பாய் துபாய் போய்த் திரும்பி, கடைசி வரைக்கும் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார். அவரும் போய்விட்டார். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நைனா இல்லை. டிரம்ஸ் அடித்தவனும் தட்டி எழுதிய பெயின்டரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. ஓலைத் தட்டிக்குப் பின்னால் யார் இருந்தது என்று தெரிந்தவர்கள் மொத்தமே ஏழெட்டுப் பேர்தான்.

மூன்று வருஷம் முன்பு கோதண்டத்தின் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். கச்சேரி இல்லை, பாட்டுப்பெட்டியை அலறவிட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்து அவன் பழங்கதை பேசினான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"எங்க குரூப்ல தயாளன்னு ஒருத்தன் இருந்தாங்க. கிட்டார எடுத்தான்னா ஏரியே நின்னு கேக்கும். அந்தக் கை இன்னிக்கு எவனுக்கும் இல்ல."

விளையாடுகிறான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"டேய் கோதண்டம்," என்றேன், "வாசிச்சது நான்டா."

சம்பந்தி வீட்டுப் பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் தம்பி கொஞ்சம் யோசித்தான். பிறகு என் முழங்கையைத் தட்டிக் கொடுத்து, வயதானவளைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னான்:

"ஆமாக்கா, நீயும் வாசிப்ப. வூட்ல. ஞாபகம் கீது."